பட்டியலில் வராத பெயர்

எங்கள் கம்பெனி ஆப்பின் கமெண்ட் பெட்டியில் @ போட்டு ஓர் எழுத்தைத் தட்டினால், ஆபீஸில் இருப்பவர்களின் பெயர்கள் வரிசைகட்டி வந்து நிற்கும். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு நான் எழுதிய புரோகிராம்.

மேனேஜர் தட்டிப் பார்த்துவிட்டு எகிறினார். "வாட்ச்மேன் பேருகூட வருது, என் பேரு வரல. நீயெல்லாம் ஒரு புரோகிராமரா? நாளைலேர்ந்து ஆபீஸ் பக்கமே வராத!"

"காலைல வந்துச்சு சார். எச்.ஆர். லிஸ்ட்ல இருக்கிற பேருதான் இதுல வரும்..."

"கதை விடாத!" என்றவர், எச்.ஆர். அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "என் பேரு எங்கம்மா?"

"ஐயையோ, சாரி சார்! வேலையை விட்டு நிறுத்துற லெட்டரைச் சாயங்காலம் உங்க கையில கொடுத்துட்டுத்தான் பேரை எடுக்கச் சொன்னாங்க. நான் மத்தியானமே எடுத்துட்டேன். உங்காளு எழுதினது இவ்ளோ சுறுசுறுப்பா வேலை செய்யும்னு யாரு கண்டா!"