ஆற்றுப் பள்ளியில் குளத்துக் கெண்டை

ஒரே ஒரு ஆத்துல ஒரே ஒரு நண்டு வாத்தியார் பள்ளிக்கூடம் நடத்தினாராம். நடு ஆத்துப் பாறைதான் வகுப்பு. ஓடுகிற தண்ணீரில் நகராமல் நின்று, பேர் கூப்பிட்டதும் "உள்ளேன் ஐயா" சொல்லவேண்டும்.

குளத்தில் முதல் ரேங்க் வாங்கிய கெண்டை அங்கே வந்து சேர்ந்தது. முதல் நாளே, தன் பேர் வருவதற்குள் தண்ணீர் அதைப் பாலம் வரை இழுத்துப் போய்விட்டது. எதிர்நீச்சல் போட்டுத் திரும்பினால் பள்ளிக்கூடம் விட்டாச்சு. ஒரு மாதம் முழுக்க இதே கதைதான்.

"முதல் ரேங்க்காமே. குளத்துல மொத்தம் எத்தனை பேருடி படிச்சீங்க?" என்று கேட்டது கூடப் படிக்கும் அயிரை மீன்.

"மூணு பேரு. அதுல ஒருத்தி தவளை."

"நாளைக்கும் பதில் வரலேன்னா பேரை அடிச்சிடுவேன்" என்றார் வாத்தியார்.

மறுநாள் புதுவெள்ளம் வந்தது. வகுப்பு மொத்தமும் பாலத்தடியில் போய் விழுந்தது. திரும்பும் வழி தெரியாமல் அயிரை அழுதது.

"அழாதடி. என் வாலைப் பாத்துக்கிட்டே வா. எல்லாரும் வாங்க" என்றது கெண்டை.

பாறையைக் கவ்விக்கொண்டு, யாருமில்லாத வகுப்பில் வாத்தியார் திரும்பத் திரும்பப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கெண்டை."

"உள்ளேன் ஐயா. மத்தவங்களும் பின்னாடியே வர்றாங்க."

வாத்தியார் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தார். ஒருத்தர்கூடக் குறையவில்லை.

"நாளைக்கு வகுப்பு பாலத்தடியில. கெண்டைதான் பாடம் எடுப்பா. நானும் படிக்கணும், இப்பவே கிளம்பினாத்தான் நேரத்துக்கு வந்து சேருவேன்" என்று சொல்லிவிட்டு, பக்கவாட்டில் நடந்து போனார்.