தபால்பெட்டியில் ஒரு பெயர்

பொன்னம்பலம் வெங்காயம் வெட்டும் கத்தியால் தபால்பெட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கு வடக்கே, சிவப்புக் கட்சியின் நகரசபை ஐம்பது வருடங்களுக்கு முன் தொழிலாளிகளுக்கென்று கட்டிய பன்னிரண்டு மாடி அது. வாசல் சுவரில் கைகோத்து நிற்கும் தொழிலாளிகளை வண்ணக் கற்களால் பதித்திருந்தார்கள். பாதிப் பேருக்கு இப்போது முகம் கிடையாது.

அடுத்த மாதம் இடிக்கப் போகிறார்கள். குடியிருப்பவர்களுக்கு மாற்று வீடு. யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க மூன்று மணிக்கு அதிகாரி வருகிறார்.

எட்டாம் மாடியில் அவர் மனைவி தவநாயகி சட்டிபானை கட்டிக்கொண்டிருந்தாள். வேலை செய்யாத லிப்டால் முழங்கால் தேய்ந்துபோன மனுசி. புது வீடு கீழ்த்தளத்தில் கிடைக்க வேண்டும் என்று நேர்ந்திருக்கிறாள்.

வாடகைப் பத்திரமோ குலசிங்கத்தின் பெயரில். அந்த மனிதர் பத்தொன்பது வருடங்களுக்கு முன்பே வீட்டுத் திறப்பைக் கையில் தந்துவிட்டு லண்டனுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் பெயரில் வாடகை கட்டி இருப்பது பொன்னம்பலம்தான்.

பெட்டியில் பெயர் எழுதிய ஒட்டுக்கு மேல் ஒட்டு. றொபின்சன், யதுர்சன், வதனி. ஊரிலிருந்து வந்திறங்கியவர்களுக்கு அகதி வழக்குக் கடிதம் வர ஒரு விலாசம் வேண்டும். பொன்னம்பலம் ஒருவருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. அகதி கார்ட் கிடைத்தபின் ஒருவரும் எட்டிப் பார்த்ததுமில்லை. றொபின்சன் இப்போது லாச்சப்பலில் கடை முதலாளி. இவரைக் கண்டால் போனைக் காதில் வைத்துக்கொள்வான். நன்றிகெட்ட சனம்.

வந்தவர்களுக்கெல்லாம் இவர் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம்.

"ஆர் வந்து ஆரைக் கேட்டாலும் தெரியாதெண்டு சொல்லு. மிச்சத்தை நான் பாக்கிறன்."

கடைசியில் தன் பெயரே வந்தது. தவநாயகி வந்த வருடம் ஆசையாக எழுதி ஒட்டியது.

கத்தி கொஞ்சம் நின்றது. பத்திரத்தில் இல்லாத பெயர் பெட்டியில் எதற்கு, வீண் வில்லங்கம்.

அதையும் சுரண்டினார். குலசிங்கம் மட்டும் மிஞ்சினார்.

அதிகாரி தியரி சொன்ன நேரத்துக்கு வந்தார். பெட்டியைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். நீங்கள் குலசிங்கமா என்று பிரெஞ்சில் கேட்டார்.

"வுய்" என்று தலையாட்டினார் பொன்னம்பலம்.

தியரி அந்தத் தாளை நீட்டினார். லண்டனிலிருந்து குலசிங்கம் எழுதிய கடிதம். நான் போய்ப் பல காலம், அங்கே இருப்பது பொன்னம்பலமும் மனைவியும், வீட்டை அவர்களுக்கே கொடுங்கள் என்று இருந்தது. நிர்வாகமும் சம்மதித்துவிட்டதாம். பெட்டியில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் பதிந்துகொண்டு போகத்தான் வந்தாராம்.

தியரி கோபப்படவில்லை. ஆறுதலாகவே கேட்டார், அப்படியானால் பொன்னம்பலம் எங்கே?

சுரண்டிய ஒட்டுகள் பொன்னம்பலத்தின் உள்ளங்கைக்குள் பிசுபிசுத்தன. கையை விரித்துக் காட்டினால் போதும்.

பத்தொன்பது வருடப் பழக்கம், வாய் முந்திவிட்டது.

"தெரியாது" என்றார்.