காகிதக் காலர்

இதை எனக்கு முதலில் சொன்னது நோரா டியர்னியின் அக்கா. 1868-இல், என் மூத்த மகனுக்குப் பிள்ளை பிறந்த வாரம்.

எங்கள் டிராய் நகரத்தில் சட்டை வேறு, அதில் மாட்டிக் கழற்றுகிற காலர் வேறு. அந்தக் காலரை வெளுத்து, கஞ்சி போட்டு, தேய்த்துத்தான் பாதி ஊர்ப் பெண்கள் சாப்பிடுகிறோம். அமெரிக்கா முழுக்கக் கழுத்தை நிமிர்த்தி நடக்கிறதென்றால், அது எங்கள் கைவேலை.

நோராவும் இஸ்திரிக்காரிதான். ஆனால் அவள் புருஷன் ஓவன், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் காகிதக் காலரோடு வருவான். ஒரு நாள் போட்டுத் தூக்கி எறிவது. எங்கள் வயிற்றில் அடிக்கிற சாமான்!

அந்த ஆண்டு, எங்கள் ஐரிஷ் சனங்களின் புனிதர் பாட்ரிக் திருநாள் ஊர்வலத்துக்கு முந்தின நாள், இஸ்திரிப் பெண்களின் கொடியைத் தூக்கி வரச் சொல்லி ஓவனிடம் கொடுத்தார் கோயில் சாமியார். ஓவனுக்கு அது வெகுநாள் ஆசை. முகமெல்லாம் சிரிப்பு.

"இவனா?" என்று சீறினாள் எங்கள் இஸ்திரிப் பெண்கள் சங்கத் தலைவி டீலியா. "ஏம்ப்பா ஓவன், தும்மினா கிழிஞ்சிடாதா அந்தக் காலர்?"

எல்லாரும் சிரித்தார்கள். டீலியா நோராவிடம் திரும்பினாள்.

"ஏண்டி நோரா, ஊருக்கெல்லாம் தேய்க்கிற, கட்டினவனுக்கு ஒண்ணு தேய்ச்சுத் தர மாட்டியா?"

"கேட்டாத்தானே டீலியாக்கா தருவேன்? என் வேலை புடிக்கலையோ என்னவோ." நோராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சாமியார் தணிவாகச் சொன்னார்: "ஓவன், நாளைக்கு ஒரு நாள் துணிக்காலர் போட்டுட்டு வாப்பா. கொடி உனக்குத்தான்."

ஓவன் கொடிக்கம்பைத் தடவிப் பார்த்தான். திருப்பி நீட்டினான்.

"வேற ஆளைப் பாருங்க சாமி."

"பாத்தீங்களா திமிரை!" என்றாள் டீலியா. "பொண்டாட்டி தேய்க்க வேணாம்னா சலவைக்கூடத்துல போடேன்!"

"போட்டா, அது யாரு இஸ்திரி மேஜைக்கு வரும்?"



ஓவன் நோராவின் கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினான். உள்ளங்கை முழுக்கச் சூட்டுக் கொப்புளம்.

"வாரம் பூரா ஊரான் கழுத்துக்கெல்லாம் வெந்த கை இது. என் ஒரு கழுத்தாவது இதைச் சுடாம இருக்கட்டும்."

மறுநாள் எங்கள் கொடிக்கடியில் காகிதக் காலர்தான் தலை நிமிர்ந்து நடந்தது.

இந்தச் சனிக்கிழமை, உங்கள் வீட்டு இஸ்திரிப்பெட்டியைக் கொஞ்சம் ஆற விடுங்களேன்.