பொறுத்தருள்க

“உலகை ஆள்வது வாள் அல்ல, வினைமுற்று!”

நாளைய மாநாட்டுத் தலைமை உரையின் முதல் வரியை இவ்வளவு கம்பீரமாகச் சொல்லிப் பார்த்த இலக்கணப் பேராசிரியர், அடுத்த கணமே “ஐயோ!” என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டார். கடைவாய்ப்பல். கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. இன்றைக்குள் பல் டாக்டரைப் பார்க்காவிட்டால் நாளை மேடையில் வாயைத் திறக்க முடியாது. வாழ்நாளில் ஒரே முறை வாய்த்த தலைமை உரை, அவரைக் கண்டாலே முகம் சுளிக்கும் துறைத்தலைவருக்குப் போய்விடும்.

பல் க்ளினிக்குக்குப் போட்ட ஃபோன் மேஜைமேல் ஸ்பீக்கரில் ஓதிக்கொண்டே இருந்தது: “அன்பரே! சற்றுப் பொறுத்தருள்க. தங்கள் அழைப்பு விரைவில் ஏற்கப்படும்.”

“பொறுத்தருள்கவாம்! மத்தியானத்துலேர்ந்து இதே பாட்டு,” என்றாள் மனைவி. “கட் பண்ணுங்க. க்ளினிக் தெருமுனையிலதான இருக்கு? ரெண்டு எட்டு வச்சா ஆச்சு.”

“அடி அசடே! இது என்ன, ‘நில்லு, உட்காரு’ன்னு அதட்டற ஏவலா? வியங்கோள்! கட்டளைக்குள்ளயே வணக்கம் வச்சிருக்கு. இவ்வளவு மரியாதையாக் கேட்டப்புறம் மீறிப்போய்க் கதவைத் தட்டறது பண்பாடா?”

“நாடகத்துல ராஜா வேஷம் கட்டினவர் கிணத்துக்குள்ள விழுந்துட்டுக் கூப்பிடற மாதிரி இருக்கு.”

“குரலைக் குறை சொல்லாதே!” பேராசிரியருக்குப் பல்லைவிட அது அதிகம் வலித்தது. “என்ன உச்சரிப்பு, என்ன நிதானம்! இதைக் கேட்டுட்டே எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்கார்ந்திருக்கலாம்.”

“உங்களுக்கு அப்படித்தான் இருக்கும்,” என்றபடி செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். போன வேகத்தில் திரும்பியும் வந்தாள்.

“டாக்டர் இப்பத்தான் கிளம்பினாராம். இனி நாளைக்குச் சாயங்காலந்தான்.”

“அப்போ என் ஃபோன்?”

“அதை அங்க யாரும் எடுக்கறதே இல்லையாம். அந்தக் குரலைக் கேட்டதும் எல்லாரும் பட்டுனு வச்சுட்டு நேர்லயே வந்துடறாங்களாம். முழுசா உட்கார்ந்து கேட்ட முதல் ஆள் நீங்கதான்னு ரிசப்ஷன் பொண்ணு சிரிக்கறா.”

பேராசிரியர் கையை நீட்டி ஃபோனை அணைத்தார்.

க்ளினிக் திறந்த புதிதில், யாரும் கேட்காமலேயே போய், தாமே எழுதி, தம் சொந்தக் குரலில் அந்த அறிவிப்பைப் பதிவு செய்து கொடுத்தவர் அவர்தான்.