ஐந்து நிமிடம்

ஓடவிட்டால் ஐந்தே நிமிடம். கம்ப்யூட்டர் தானாக அணைந்து மறுபடி முதலிலிருந்து எழும்பும். செத்துப்போன மகள் சுடர்க்கொடி பேசுகிற வீடியோ அதில் மட்டும்தான் இருந்தது. அவள் சிரிக்கப் போகிற இடத்தில் திரை கறுத்துவிடும். வேறொன்றில் ஏற்றித் தருகிறோம் என்று வந்தவர்களையெல்லாம் தவசிமுத்து வாசலோடு விரட்டியிருந்தார். பெற்ற பிள்ளையை எவனாவது ஊரான் கையில் கொடுத்து அனுப்புவானா? இப்போதும் மெக்கானிக் ஜெபசிங்கின் கையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்தான் நின்றார். மூடியைக் கழற்றி உள்ளே தொட்ட அவன் விரல் கன்னங்கரேலென்று பிசுபிசுத்தது.

“பெரியவரே, இது கம்ப்யூட்டரா, கர்ப்பக்கிரகமா?”

“சோலியப் பாருலே. என்ன கோளாறு?”

“ஃபேன் பூரா சாம்பிராணிக் கரி. சூடு தாங்காம அணையுது. துடைச்சிட்டேன். இனியும் புகை போச்சுன்னா உள்ள இருக்கது ஒண்ணும் மிஞ்சாது. யாரு போடுதா?”

தவசிமுத்து அடுப்படியைப் பார்த்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததிலிருந்து வெள்ளிதோறும் தலைமுழுகி, ஈரக் கூந்தலோடு மகள் இருக்கிற பெட்டிக்குப் புகை காட்டுகிறவள் அவர் மனைவி பேச்சியம்மாள்.

“கொசுவுக்கு நாந்தான் போட்டேன். நீ கெளம்பு.”

அவன் போனதும் அவள் வந்தாள். “எதனாலயாம்?”

மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லியே சொந்தபந்தமெல்லாம் அறுத்துக்கொண்ட மனுஷன், சுவரைப் பார்த்தபடி, “சாமான் பழசாம்” என்றார்.

“பழசாவது! கண்ணுதான் பட்டிருக்கு. இனிமே தெனமும் போடுதேன்” என்று அவள் அடுப்படிக்குப் போய்க் கரண்டியில் கங்கு அள்ளினாள்.

“ஏளா” என்று கூப்பிட்டார்.

என்ன என்று கங்கோடு திரும்பி நின்றாள்.