வயிறு நிறைய

"இன்னும் ரெண்டு பான்கேக் போட்டுக்கோ, கண்ணு."

"போதும் கோரின், மூச்சு முட்டுது. மத்தியானம் மேட்ச் இருக்கு."

"அதுக்குத்தானே சொல்றேன். தெம்பு வேணாமா?" கோரின் தட்டில் வெண்ணெயை அள்ளி வைத்தாள்.

டிலேனி இரண்டாம் நிலை பெண்கள் லீக்கில் கால்பந்து ஆட, கல்லூரி விடுமுறையில் ஒஹாயோவின் அந்தச் சின்ன ஊருக்கு வந்தவள். சம்பளம் கிடையாது. அப்படி வரும் பெண்களுக்கு ஊரில் யாராவது இடம் கொடுப்பார்கள். ஆற்றுக்கு அக்கரைப் பள்ளியில் ஆசிரியையான கோரின் தன் மாடியறையைக் கொடுத்திருந்தாள்.

"ஓட முடியாம பண்ணிடாதே," என்றார் கோரினின் கணவர் லைல், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சீசனின் கடைசி ஆட்டம், அக்கரை ஊர் அணியோடு. ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. லைல் தனியாக வந்து உட்கார்ந்தார்.

"கோரின் வரலையா?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

"வந்திருக்கா. வேலையா இருக்கா."

ஆட்டம் முடியப்போகும் நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. டிலேனிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அவள் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஆற்றுக்கு அக்கரை அணியின் கோல்கீப்பர் கையுறைகளைத் தட்டிக்கொண்டே கேட்டாள்:

"வயிறு நிறைஞ்சுதா, கண்ணு?"

"நல்லா நிறைஞ்சுது, கோரின்!"

சிரித்துக்கொண்டே டிலேனி ஓங்கி உதைத்தாள். வலை குலுங்கியது.

மூவரும் ஒரே காரில் வீடு திரும்பினார்கள். பாதி வழியில் கோரின் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு உனக்கு வெறும் காப்பிதான்டி."