வாசலில் ஒரு கேள்வி

சபை மூப்பருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னய்யா சொன்னே? இன்னொரு தடவை சொல்லு!"

நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த வெல்டர் தலையைச் சொறிந்தான்.

"பரலோக வாசல்ல நிறுத்தி, 'உன்னை எதுக்கு உள்ளே விடணும்?'னு கேட்டா, காட்டறதுக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்லீங்கய்யா. இயேசு எனக்காக உசிரை விட்டாரு. அவரை நம்பித்தான் நிப்பேன்."

ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர்களிடம் மூப்பர் கேட்கிற ஒரே கேள்வி அது. முப்பது வருஷமாக அவர் தலையாட்டினால்தான் முழுக்குக் கொடுக்கும் சபைத் தொட்டியில் யாரும் இறங்க முடியும்.

காலையிலிருந்து வந்த ஏழு பேரும் தாங்கள் செய்த நல்லதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டுப் போயிருந்தார்கள். இவனோ ஆளைக் கொன்றுவிட்டுப் பதினாலு வருஷம் ஜெயிலில் இருந்தவன். ஒப்புக்காவது ஒரு நல்ல காரியம் சொல்ல வேண்டாமா?

"ஏம்ப்பா, தொட்டிக்குக் கைப்பிடிக் கம்பி சும்மாவே வச்சுக் கொடுத்தியே, அதையாவது சொல்லேன்!"

"அதைப் பிடிச்சுத் தொட்டியில இறங்கலாங்க. பரலோகத்துக்கு ஏற முடியுங்களா?"

மூப்பருக்குச் சுருக்கென்றது.

"வாயைப் பாரு! போ, போ. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

வெல்டரின் முகம் வெளுத்துப் போனது.

"ஐயா, திங்கக்கிழமை எனக்கு நெஞ்சுல ஆபரேஷன். பிழைப்பேனான்னே தெரியல. நாளைக்கு ஞானஸ்நானத்தை விட்டா..."

"அதுக்கு நான் என்ன பண்றது? தகுதின்னு ஒண்ணு வேணாமா?"

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாஸ்டர் உள்ளே வந்தார்.

"மூப்பரே, இதே கேள்வியை உங்ககிட்ட யாராவது கேட்டிருக்காங்களா?"

"என்கிட்டயா?" மூப்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தாராளமா கேட்கட்டுமே! நாப்பது வருஷத்துல ஒரு ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதில்லை. குடி, சிகரெட்டுன்னு ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. வேதத்தைப் பதினெட்டு தடவை முழுசா படிச்சு முடிச்சிருக்கேன். இந்தத் தொட்டியே நான் வெயில்ல நின்னு கட்ட வச்சது. என்னை விடலேன்னா வேற யாரைத்தான் உள்ளே விடுவாங்க?"

பாஸ்டர் வெல்டரின் தோளில் கை வைத்தார்.

"நாளைக்கு முதல்ல நீங்கதான் இறங்கறீங்க."

"பாஸ்டர்!" மூப்பர் அதிர்ந்துபோய் எழுந்தே விட்டார். "இவன்கிட்ட அப்படி என்னத்தைக் கண்டீங்க?"

பாஸ்டர் மெதுவாகச் சொன்னார்.

"நீங்க எல்லாத்தையும் சொன்னீங்க, மூப்பரே. இயேசுவோட பேரை மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லலையே!"